செக்ரோலில் ஏறாத செய்தி

"சனத்த போன் கெடுத்திருச்சு, மாஸ்டர்."

2024 நவம்பர் 15 காலை, டிக்கோயா கடைவீதியில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் இருந்தபோது இதைக் கேட்டேன். முந்திய நாள் நடந்த பாராளுமன்றத் தேர்தலின் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 தேசிய மக்கள் சக்திக்குப் போயிருந்தது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 2. யானைச் சின்னத்தில் கேட்ட இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு 1. சொன்னவர் தொழிற்சங்க வேலையிலேயே தலை நரைத்தவர். வாழ்நாள் உழைப்பு ஓர் இரவில் கை நழுவிப் போனதற்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பக்கத்தில் நின்ற பொடியனின் கையில் அது வெளிச்சமாய் எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து இந்தப் பேச்சைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். ஹட்டனில் நடக்கும் கருத்தரங்குகளில் கேட்டேன். கொழும்புப் பத்திரிகைகளின் ஞாயிறு கட்டுரைகளில் வாசித்தேன். பாடசாலை ஓய்வறையில், என்னோடு கற்பித்தவர்களின் வாயிலேயே கேட்டேன். தோட்டத்துச் சனம் வாசிப்பதில்லை, வட்ஸ்அப்பில் வருவதை வேதமென்று எடுத்துக்கொள்கிறது, பேஸ்புக்கில் ஓர் அலை அடித்தால் அதோடு போகிறது, டிக்டொக்கில் நாலு பாட்டோடு ஒருவரைக் காட்டினால் அவருக்கு வாக்குப் போடுகிறது என்கிறார்கள். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் ஒத்துப்போகிற ஒரே விடயம் இதுவாகத்தான் இருக்கும். தோற்றவர்கள் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். வென்றவர்களில் சிலர் தங்கள் ஊடகப் பிரிவின் திறமை என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சொல்வது தவறு என்று எழுத வந்திருக்கிறேன். லயத்துக் காம்பராவில் பிறந்து, 30 வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்தவன் நான். அரசியல் செய்தி ஒன்று இந்த மக்களிடம் வந்து சேர்ந்தால் அதை என்ன செய்கிறார்கள் என்று அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். போன் அதில் ஒரு பங்கு வகிக்கிறது. தீர்ப்பு வேறு இடத்தில் எழுதப்படுகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அந்த மாதங்களில் இந்த மலையில் யாருடைய போனைத் திறந்தாலும் அனுர குமார திசாநாயக்கவின் முகம்தான். பேச்சு, பாட்டு, ஊர்வலம், தமிழில் எழுத்துப் போட்ட காணொளி என்று எல்லாம் வந்தது. போன்தான் வாக்கை முடிவுசெய்கிறது என்றால் நுவரெலியாவில் அவர் முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்தது மூன்றாம் இடம். சஜித் பிரேமதாச முதலாவது, ரணில் விக்கிரமசிங்க இரண்டாவது, நூற்றுக்கு 22 அளவில் வாக்குப் பெற்று அனுர மூன்றாவது. அதே மாவட்டம் 54 நாள் கழித்து அவருடைய கட்சிக்கு 5 ஆசனம் கொடுத்தது. போனும் அதுதான், அதில் ஓடிய பக்கங்களும் அவைதான்.

அந்த 54 நாளில் மாறியது எது? தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பான மக்கள் விடுதலை முன்னணி பற்றி மலையகத்துக்கு ஒரு பழைய பயம் உண்டு. அக்கட்சியின் தொடக்க காலத்து ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தமிழரை அந்த விஸ்தரிப்பின் கருவியாகப் பார்த்த வகுப்பு அது. அக்கட்சியின் கிளர்ச்சி நடந்த 1987 முதல் 1989 வரையான நாட்களில் இரவில் கதவைத் தட்டும் சத்தத்துக்கு நடுங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அக்கட்சி ஆட்சிக்கு வந்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்குப் போனில் ஆயிரம் பேர் பதில் சொன்னார்கள். மக்கள் எடுத்துக்கொள்ளவில்லை. செப்டெம்பரில் அனுர ஜனாதிபதியானார். ஒக்டோபர் போனது. பயந்தது எதுவும் நடக்கவில்லை. கடை திறந்திருந்தது, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு வழக்கம்போலக் கூடியது, கோயில் மணி அடித்தது. கண்ணால் பார்த்த இரண்டு மாதம் ஒரு பயத்தைக் கரைத்தது. அதற்கு முன்பே, 2023 ஒக்டோபரில், ஹட்டனுக்கு வந்து 'ஹட்டன் பிரகடனம்' என்று மலையக மக்களுக்கான தங்கள் நிலைப்பாட்டைத் தேசிய மக்கள் சக்தி எழுத்தில் வைத்திருந்தது. நவம்பரில் வாக்களிக்கப் போகாமல் வீட்டில் இருந்தவர்களும் உண்டு, எதிர்த்தரப்பு வாக்கு பல சின்னங்களில் சிதறியதும் உண்டு. இப்படிப் பல காரணங்கள் சேர்ந்து ஒரு முடிவு வருகிறது. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு "போன்" என்று ஒரு சொல் சொன்னால் யோசிக்கிற வேலை மிச்சம்.

போன் இரண்டு மாதம் பிந்தி வேலை செய்தது என்று வாதாடுகிறவர்களையும் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் 2025 மே 6 பற்றிக் கேட்கிறேன். உள்ளூராட்சி மன்றத் தேர்தல் நடந்தது. 2024 நவம்பரில் நாடு முழுவதும் நூற்றுக்கு 61க்கு மேல் பெற்ற கட்சி, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 43 அளவுக்கு இறங்கியது. ஆளும் கட்சி ஆன பிறகு அவர்களுடைய பக்கங்களுக்குப் பலம் கூடியதே தவிரக் குறையவில்லை. அலை என்றால் கூடவே போயிருக்க வேண்டிய சனம் ஏன் இறங்கி நின்றது?

இனி, இந்த மலையில் அரசியல் செய்தி எங்கே எடை போடப்படுகிறது என்ற விடயத்துக்கு வருகிறேன்.

2024 மே 1, கொட்டகலை. தொழிலாளர் காங்கிரசின் மே தினக் கூட்டம். நாட்சம்பளம் 1700 ரூபா என்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மேடையில் அறிவித்தார். முந்திய நாள் திகதியிட்ட வர்த்தமானியும் இருந்தது: 1350 சம்பளம், 350 கொடுப்பனவு. அன்று மாலை முதல் போன் முழுக்க வெடிச்சத்தம்தான். மாலை போட்ட படங்கள், வெற்றி வெற்றி என்ற பாட்டு, தலைவர்களின் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம், கீழே பெரிய எழுத்தில் 1700. சமூக ஊடகம் அரசியல் செய்தியின் தோற்றத்தை எப்படிச் சமைக்கிறது என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு அந்த வாரத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. அந்தத் தோற்றத்தைச் சமைத்தவர்கள் யார்? பெயர் தெரியாத விஷமிகள் இல்லை, வெளிநாட்டுச் சதிகாரர்களும் இல்லை. கட்சிகளின், சங்கங்களின் பக்கங்களே அதைப் போட்டன, அவற்றின் ஆதரவாளர்களே பகிர்ந்தார்கள்.

எங்கள் லயத்தில் அடுத்த இஸ்தோப்பில் ஒரு அக்கா இருக்கிறார். கொழுந்து பறிக்கிறவர். பேரை எழுதமாட்டேன். மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. அவன் வாங்கிக் கொடுத்த போன் அவரிடம் உண்டு. மலைக்குக் கொண்டுபோக மாட்டார், மழையில் கெட்டுவிடும். மேல் டிவிசனில் சிக்னலும் இல்லை. வெடிச்சத்தக் காணொளியை அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை அவரிடம் காட்டினாள். பார்த்து முடித்துவிட்டு அக்கா கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"யாரு சொல்றது இது? எந்தத் தோட்டத்துல குடுத்தாங்களாம்? செக்ரோலுல ஏறுச்சாமா?"

மூன்று கேள்விகள். ஊடகவியல் மாணவருக்கு மூன்று வருடம் கற்பிப்பது இந்த மூன்றையும்தான்: யார் சொன்னது, எங்கே நடந்தது, ஆவணம் எங்கே. அக்கா 5ஆம் வகுப்போடு நின்றவர். அவருக்கு இதைக் கற்பித்தது செக்ரோல், தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு. எத்தனை நாளுக்கு முழுப்பேர் விழுந்தது, எத்தனை நாள் அரைச்சம்பளமாய் அரைப்பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தம், சங்கச் சந்தா எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று சம்பளச் சீட்டை வரி வரியாக வாசிக்கிற பெண்ணை, வாசிக்கத் தெரியாத சனம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

சம்பள நாளான ஜூன் 10 வந்தது. சீட்டில் 1700 இல்லை. கம்பனிகள் நீதிமன்றம் போயிருந்தன. ஜூலையில் அந்த வர்த்தமானியை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு நிறுத்தியது. செப்டெம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்க, 1350 என்று சம்பள நிர்ணய சபை வழியாக முடிந்தது. மே மாதத்தில் வெடித்த வெடிக்கும் செப்டெம்பரில் முடிவான காசுக்கும் நடுவில் 350 ரூபா காணாமல் போயிருந்தது. அக்காவை அந்த வெடி ஏமாற்றவில்லை. முதல் நாளிலேயே அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு மாதமாய் ஒரு தலைவரும் வரவில்லை. அதன் பிறகு அவர் எங்கே புள்ளடி போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். எங்கே போட்டிருந்தாலும் அந்தத் தீர்ப்பு அவருடைய சீட்டில் இருந்து வந்தது.

இது ஒரு முறை நடந்த கதையும் கிடையாது. 1000 ரூபாவின் வரலாறு இன்னும் நீளம். 2015 தேர்தல் மேடைகளில் முழங்கிய தொகை அது. 2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அடிப்படைச் சம்பளம் 500, எல்லாம் சேர்த்து 730. 2018 ஒக்டோபர் 24 அன்று கறுப்புச் சட்டை அணிந்த மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடினார்கள். பேஸ்புக்கில் அழைத்து, பேஸ்புக்கில் பேசிச் சேர்ந்த கூட்டம் அது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த எங்கள் பிள்ளைகள், தாய்மாரின் நாட்சம்பளத்துக்காகச் சங்கங்களைக் கேட்காமல் நின்ற பெருங்கூட்டம். அதற்குப் பிறகும் 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படை 700 தான். 2021 மார்ச்சில்தான் 900க்கு மேல் 100 சேர்த்து 1000 வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூடியது, குறைந்தால் அரைப்பேர், வேலை நாளும் குறைந்தது. மேடைக்கும் சீட்டுக்கும் நடுவில் ஆறு வருடம் வழுக்கி வழுக்கி நடந்த சனம் இது. அரசியல்வாதியின் வாயில் இருந்து வரும் எண்ணை நம்பக்கூடாது என்று அவர்கள் படித்த படிப்புக்கு 'போன் கெடுத்த மனம்' என்று பெயர் வைப்பது அவர்களுடைய அனுபவத்தைத் திருடுவதற்குச் சமம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இந்தக் குற்றச்சாட்டு புதிதாகப் பிறந்ததில்லை. தஞ்சாவூரில் இருந்து வந்த கோ. நடேசய்யர் தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார், தோட்டங்களுக்குள் நுழைந்தார், 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனம் கட்டினார், 1936இல் ஹட்டன் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய துணைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகப் பாடியே அரசியல் சொன்னார். அந்தப் பாட்டுகள் மலிவுப் புத்தகமாய் லயத்துக்கு லயம் போயின. எழுத்துத் தெரிந்த ஒருவர் பாட, இஸ்தோப்பில் இருபது பேர் கேட்டு, அடுத்த நாள் மலையில் நூறு பேர் முணுமுணுத்தார்கள். இன்றைய பகிர்தலுக்கு எந்த வகையில் அது குறைந்தது? அப்போது தோட்டத் துரைமார் என்ன சொன்னார்கள்? ஒன்றும் தெரியாத கூலிகளை வெளியாள் ஒருவன் வந்து கெடுக்கிறான் என்றார்கள். 1937இல் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த பிரேஸ்கேர்டில் தோட்டத் தொழிலாளர் பக்கம் பேசியபோதும் அதே பேச்சு. நாட்டை விட்டுப் போ என்று ஆளுநர் கட்டளையிட்டார், உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது.

அந்தப் பேச்சின் உள்ளே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. இந்த மக்களுக்குத் தங்கள் நிலை தாங்களாகத் தெரியாது, யாரோ சொல்லித்தான் கோபம் வரும் என்ற நம்பிக்கை. வெளியாள் இருந்த இடத்தில் இன்று போனை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். துரை சொன்னதை இன்று எங்கள் பிள்ளைகளே, படித்து மேலே வந்த எங்கள் பிள்ளைகளே, திருப்பிச் சொல்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

இப்போது எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மை ஆகாது.

திகன. 2018 மார்ச். எங்கள் மலையில் இருந்து கண்டிப் பக்கம் சில மணி நேரப் பயணம். அதற்கு முன் பெப்ரவரி கடைசியில் அம்பாறையில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற பொய் பேஸ்புக்கில் பறந்தது. பிறகு கண்டி மாவட்டத்தில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, உயிர்கள் போயின. அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைக் கவனிக்கப் போதிய ஆட்களை வைத்திருக்காத அந்தக் கம்பனி, 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெறுப்பைக் காசாக்குகிற ஒரு யந்திரத்துக்கு முன் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற கவலை எனக்கும் உண்டு.

ஆனால் அந்த யந்திரத்தோடு கதை முடிவதில்லை. திகனவில் தீ வைத்தவர்கள் தனித்தனியாகப் போனைப் பார்த்து மனம் மாறிய பொதுமக்கள் என்று சொல்வது, வாகனத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அமைப்புகளுக்கு நாம் கொடுக்கும் மன்னிப்பு. அடுத்த வருடம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். 2019 மே மாதம், குருநாகல் மருத்துவர் ஒருவர் 4000 சிங்களப் பெண்களுக்கு மலட்டுச் சிகிச்சை செய்தார் என்ற கதை வந்தது. அது எந்த வட்ஸ்அப் குழுவில் தொடங்கியது? ஒரு சிங்களத் தினசரியின் முதற்பக்கத்தில். மை காயாத அச்சில், ஆசிரியர் குழு பார்த்து அனுமதித்த தலைப்பில். மருத்துவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பிறகு நீதிமன்றத்துக்குச் சொன்னது. அவருடைய வாழ்க்கை நொறுங்கியது நொறுங்கியதுதான். 1977 ஆகஸ்டில் எங்கள் லயங்கள் எரிந்தபோதும், 1983 ஜூலையில் ஹட்டன் ரயிலில் ஏற மக்கள் பயந்தபோதும் யார் கையில் போன் இருந்தது? 1977இல் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், வதந்தி பேஸ்புக்கோடு பிறந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டு ஆய்வுகளை எடுத்துக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940இல் அமெரிக்காவில் வானொலியைப் பற்றி இதே பயம் இருந்தது. ஓஹாயோ மாநிலத்தில் ஒரு மாவட்டத்து வாக்காளர்களைப் பல மாதம் பின்தொடர்ந்த போல் லசார்ஸ்ஃபெல்ட் குழுவினர், வானொலியையும் பத்திரிகையையும் விடப் பக்கத்து வீட்டுக்காரரின், வேலைத்தலத்து நண்பரின் பேச்சுக்கே வலு அதிகம் என்று கண்டார்கள். 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பாவனையாளர்களில் ஒரு பகுதியினருக்கு யந்திரம் தெரிந்தெடுத்துக் காட்டும் முறையை மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தார்கள். கண்ணில் பட்ட பதிவுகள் மாறின, அரசியல் கருத்தில் அளந்து சொல்லும்படி மாற்றம் இல்லை என்று 2023இல் முடிவு வந்தது. கம்பனியின் ஒத்துழைப்போடு நடந்த ஆய்வு என்பதால் அதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. எனக்கு ஓஹாயோவே போதும். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும், பீலிக்கரையில் குடம் நிறையக் காத்திருக்கும்போதும் நடக்கும் பேச்சைத் தெரிந்தவனுக்கு அந்த ஆய்வு அந்நியமாகத் தோன்றாது.

அதோடு, போன் வருவதற்கு முன் எங்களுக்கு உண்மைச் செய்தி கிடைத்துக்கொண்டிருந்தது போலவும், அது வந்துதான் கெடுத்தது போலவும் பேசுகிறார்கள். எந்தக் காலத்தில் கிடைத்தது? 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றிருந்த எங்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை அங்கே, 3 இலட்சம் பேரை இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பா தன் விதியை வானொலியில் இரண்டு நாள் கழித்துக் கேட்டறிந்தார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு லயம் எரிந்தது. மின்கம்பி ஒழுக்கு. ஒரு வரிசை முழுவதும் சாம்பல், பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் உட்பட. நான் ஒரு பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூன்றாம் நாள் நாலு வரி வந்தது. தோட்டத்தின் பெயர் பிழை, எரிந்த வீடுகளின் எண்ணிக்கை பிழை. திருத்தம் கேட்டேன், வரவில்லை. நிவாரணம் தேடிப் போன இடத்தில் அந்த நாலு வரியைக் காட்டி, உங்கள் தோட்டத்தில் தீயே இல்லையே என்று கேட்டார்கள். பிறகொரு காலத்தில் கீழ் டிவிசனில் இன்னொரு லயம் எரிந்தபோது பொடியன்கள் போனில் படம் எடுத்துப் போட்டார்கள். பொகவந்தலாவையில் இருந்தும் நோர்வூட்டில் இருந்தும் அன்று பின்னேரமே அரிசியும் உடுப்பும் வந்தன. படம் ஆடியது, பின்னணியில் அழுகைச் சத்தம், எழுத்துப் பிழை நிறைய. தோட்டத்தின் பெயர் மட்டும் சரியாக இருந்தது. இந்த இரண்டு தீயையும் பார்த்தவனிடம் வந்து, அச்சில் வருவது செய்தி, போனில் வருவது வதந்தி என்று சொன்னால் எப்படி ஏற்பது?

போன் எங்களுக்குச் செய்யும் உண்மையான கெடுதல் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. என்னிடம் படித்த ஒரு பொடியனுக்கு, 2024 ஒக்டோபர் 27 அன்று தமிழ்நாட்டு விக்கிரவாண்டியில் நடிகர் விஜய் நடத்திய மாநாட்டில் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்பது வரை தெரியும். நோர்வூட் பிரதேச சபையின் இவ்வருட வரவுசெலவில் அவன் லயத்துக்குப் போகும் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு சபை இருப்பதே அவனுக்குத் தெளிவில்லை. அம்பகமுவவைப் பிரித்து நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபை எடுக்க எத்தனை வருடம் போராடினோம்! இதில் அவன் எந்தப் பொய்யையும் நம்பிவிடவில்லை. அவன் பார்வை வேறு பக்கம் இழுபட்டிருக்கிறது. கோடிக்கணக்கானோர் பார்க்கும் தமிழ்க் காணொளிகளுக்கு நடுவில் எங்கள் பாதையும் பீலியும் யந்திரத்தின் கண்ணில் படுவதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப மலையகத்தில் இருந்து, மலையகத்துக்காக, தினமும் செய்தி சேகரிக்கிற ஓர் அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் செய்தி கொழும்பில் அச்சாகிறது. சம்பளப் பிரச்சினை, மண்சரிவு, குளவிக்கொட்டு என்று மூன்று தலைப்புக்குள் எங்களை அடக்கிவிடுகிறார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் வேறு மருந்தைத் தேடினார்கள். 2024 ஜனவரி 24 அன்று 62 வாக்குக்கு எதிராக 108 வாக்கால் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும், நீக்கச் சொல்லும், வழக்குக்குப் போகும். அதற்கு நியாயம் சொன்னவர்கள் திகனவைக் காட்டினார்கள், பாமர மக்களைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். "சனத்த போன் கெடுத்திருச்சு" என்ற தேநீர்க்கடைப் பேச்சு சட்டமாக நிமிர்ந்தால் இப்படித்தான் இருக்கும். கொட்டகலையில் வெடித்த 1700ஐ அந்த ஆணைக்குழு பொய்யான கூற்று என்று சொல்லுமா? சொல்லாது. அது வர்த்தமானியில் இருந்தது, மேடையில் ஜனாதிபதி சொன்னார். பேர் வெட்டுப்பட்ட சீட்டைப் படம் எடுத்துப் போட்டு, இங்கே 1700 இல்லை என்று எழுதிய பெண் மேல் முறைப்பாடு போகுமா? போகக்கூடும் என்ற பயமே அவளை வாய் மூட வைக்கப் போதும்.

சனத்தைப் பொய்யில் இருந்து காப்பாற்ற ஆசைப்படுகிறவர்கள் செய்யக்கூடிய எளிய வேலைகள் பல உண்டு. சம்பள நிர்ணய சபையில் யார் என்ன கேட்டார்கள், யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்பதைக் கூட்டம் முடிந்த வாரமே தமிழில் அச்சடித்துப் பெரட்டுக்களத்தில் ஒட்டலாம். கூட்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தான காலத்தில் ஒரு முறையாவது அதன் தமிழ்ப் பிரதி எங்கள் லயத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. சந்தா வாங்கும் சங்கம் ஒவ்வொன்றும் அதைப் பாவித்து ஓர் ஆவணத்தையாவது எடுத்துத் தன் பேஸ்புக் பக்கத்தில், தலைவரின் பிறந்தநாள் படம் இருக்கும் இடத்தில் போடலாம். 2025 நவம்பர் 7 வரவுசெலவுத் திட்டத்தில் 1550ம், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் தரும் 200ம் சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். மறுபடியும் போன் முழுக்க வெடி. எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள், மழையில் மலை நிறுத்தினால் அந்த 200 உண்டா, ஓய்வு பெற்ற பின் கைக்காசுக்குப் பறிக்கிறவருக்கு உண்டா? அந்த வாரம் என்னிடம் வந்து கேட்டவர்கள் எல்லோரும் இவற்றைத்தான் கேட்டார்கள். ஒருவராவது படத்தில் இருக்கும் முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசியாக அக்காவின் போன். போன மாதம் ஏதோ நம்பரை அழித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். படங்கள் இருந்த இடம் தற்செயலாகத் திறந்தது. பேரப்பிள்ளையின் படங்கள் கொஞ்சம், தேர்த் திருவிழாப் படங்கள் கொஞ்சம். மீதி எல்லாம் சம்பளச் சீட்டுகள். 2021 மார்ச் தொடங்கி மாதம் ஒன்று, விடாமல், இஸ்தோப்புத் திண்ணையில் விரித்து வைத்து எடுத்தவை. சிலதில் மழை ஈரம் பட்டு மை கரைந்திருந்தது. எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"யாராவது வந்து கேட்டா காட்ட வேணாமா, மாஸ்டர்?"

இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.